கீழே ஒரு வரி

“அது நடக்காது” என்று மேனேஜர் சொல்லி வாய் மூடுவதற்குள், மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

அது பாராட்டுக் கைதட்டல் இல்லை. ஆள் மாட்டிக்கொண்டார் என்ற கைதட்டல்.

“சார், விதி ஞாபகம் இருக்கில்ல?” என்றாள் பலகை அருகே நின்ற இளம்பெண். அவள் கையில் நான்கு நிறத்தில் பேனாக்கள். “யார் ‘நடக்காது’ன்னு சொல்றாங்களோ, அவங்க எழுந்து நின்னு அதே யோசனையைப் பத்தி மூணு நல்லது சொல்லணும்.”

“நான் பொதுவா சொன்னேம்மா.”

“அப்ப பொதுவா மூணு நல்லது சொல்லுங்க சார்.”

குடையின் உச்சியில் ஒரு சின்ன விளக்கு வைக்கலாம் என்பது அந்த யோசனை. எழுதியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆனால் சீட்டில் பதிந்திருந்த கிரீஸ் விரல் ரேகை அது மெக்கானிக்குடையது என்று ஊருக்கே சொன்னது.

மேனேஜர் எழுந்தார். “ஒண்ணு, வெளிச்சம் வரும். ரெண்டு...” கூரையைப் பார்த்தார். “இருட்டு போகும்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்!” என்றார் பேக்கிங் அக்கா.

“மூணாவது, நான் உட்கார்ந்துக்கறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். அறையே சிரித்தது. மெக்கானிக் சிரித்த சிரிப்பில் அவர் தேநீர் தம்ளர் கவிழ்ந்தது.

அந்தக் குடைக் கம்பெனியில் வியாழக்கிழமைதோறும் புது யோசனைக் கூட்டம் நடக்கும். எட்டு வருடமாக அதை நடத்தியவர் மேனேஜர்தான். அந்த எட்டு வருடத்தில் அந்த அறையில் ஒருவரும் இப்படிச் சிரித்ததில்லை. ஒரு புது யோசனையும் பிறந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அவர் கூட்டம் நடத்துகிற முறை எளிமையானது. “யாருக்காவது புது யோசனை இருக்கா?” என்று கேட்பார். யாராவது வாயைத் திறப்பார்கள். “அது நடக்காது” என்பார். “வேற?” என்பார். கொஞ்ச நேரத்தில் வேறு ஒன்றும் இருக்காது. தேநீர் வரும். எல்லோரும் குடித்துவிட்டுப் போவார்கள். தொழிற்சாலையில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘நடக்காது சார்’ என்று பெயர். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. தன் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கெட்ட மனிதர் இல்லை. மெக்கானிக்கின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரம் விடாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவர். ஒரு யோசனையைப் பார்த்தால் மட்டும், சட்டையில் விழுந்த கறையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவ்வளவுதான்.

இப்போது இந்தப் பெண் வந்திருந்தாள். கூட்டம் நடத்துவதே அவள் தொழிலாம். இப்படியும் ஒரு தொழில் உண்டா என்று மேனேஜருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நிறப் பேனாக்களோடு வந்ததால் முதல் நாளே எல்லோரும் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். குடை அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, “யோசனையைச் சீட்டுல எழுதி, மடிச்சு, இதுல போடுங்க. பேரு வேண்டாம். நான் எடுத்துப் படிப்பேன்” என்றாள். ஒரே நாளில் இருபத்தேழு சீட்டுகள் விழுந்தன. எட்டு வருடம் வாயே திறக்காத பேக்கிங் அக்கா மட்டும் ஒன்பது எழுதியிருந்தார்.

முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார்: “புது யோசனைப் பிரிவுன்னு தனியா ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன். அதுக்கு ஒருத்தர் தலைமை வேணும். நாலு வியாழக்கிழமை நடக்கட்டும். நாலாவதுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை பேரைச் சொல்றேன்.”

அந்தப் பிரிவுக்கு மாடியில் ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு ஜன்னல்கள். கதவில் பெயர்ப்பலகை மாட்ட நான்கு திருகாணிகள் ஏற்கெனவே இருந்தன. மேனேஜர் யாரும் இல்லாத நேரத்தில் ஏறிப்போய், மேஜையை எந்த ஜன்னல் பக்கம் போடலாம் என்று முழம் போட்டு அளந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த நாற்காலியில் இந்தப் பெண் உட்காருவதை நினைத்தால் அவர் வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, கொழுந்துவிட்டு எரிந்தது.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் அவர் கண்களை மூடி இப்படிக் கேட்டார்: “கடவுளே, அந்தப் பொண்ணுக்கு நல்ல வேலை கிடைக்கட்டும். இதைவிடப் பெரிய வேலையா கிடைக்கட்டும். சீக்கிரமா கிடைக்கட்டும். தூரமா கிடைக்கட்டும்.”

பொறாமையை இவ்வளவு அன்பான வார்த்தைகளில் கடவுள் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

*

புதன்கிழமை மாலை வீட்டில் அவர் புலம்பிக்கொண்டிருந்தபோது மனைவி கடையிலிருந்து திரும்பினாள். இரண்டு கையிலும் பைகள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குடைக் காம்பை இடுக்கியிருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. வாங்க வேண்டிய சாமான்களை அவ்வப்போது குறித்துக்கொள்ள அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

“ஏங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்களேன்.”

“மூணு நல்லது சொல்லணுமாம்! என்கிட்ட! சின்னப் பொண்ணு!”

“உங்க கம்பெனிக் குடை இருக்கே, காத்துக்கு எதிரா பிடிச்சா முன்னாடி யார் வர்றாங்கன்னே தெரியல. தபால்காரர் மேல போய் மோதிட்டேன். பாவம், அவர் மன்னிப்புக் கேக்கறார்.”

“அது குடையோட குத்தம் இல்ல, காத்தோட குத்தம். நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்ற!”

“சரி, சொல்லுங்க.” அவள் பைகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் முழுவதும் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

“உங்களுக்குப் பொறாமை” என்றாள் கடைசியில்.

“எனக்கா? அவ மேலயா? அது நடக்காது.”

“சரி, நடக்கல. சாப்பிட வாங்க.”

அவள் உள்ளே போனதும் மேனேஜர் மூளையில் பொறி தட்டியது. சீட்டில்தான் பெயர் இல்லையே! பெட்டிக்குள் ஒரு மகா முட்டாள்தனமான யோசனையைப் போட்டுவிட்டால்? அவள் அதையும் படித்துத்தானே ஆக வேண்டும். நாலு பேர் சிரிப்பார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தில் இந்த மாதிரிக் குப்பைதான் வரும் என்று முதலாளிக்குப் புரியும்.

கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்து எழுதினார்: ‘குடைக்குக் கைப்பிடியே வேண்டாம்.’

நான்காக மடித்தார். மறந்துவிடக் கூடாது என்று, மறுநாளுக்காகக் கதவில் மாட்டியிருந்த சட்டையின் பையில், பேனாவோடும் பஸ் பாஸோடும் சேர்த்து வைத்தார். காலையில் அவர் பிரார்த்தனை முடித்து வருவதற்குள் மனைவி சட்டையை இஸ்திரி போட்டு, பேனா, பஸ் பாஸ், சீட்டு எல்லாவற்றையும் பழையபடியே பையில் வைத்துத் தயாராக நீட்டினாள். இருபத்து மூன்று வருடமாக நடப்பதுதான்.

*

இரண்டாவது வியாழக்கிழமை. டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தாள். கட்டம் போட்ட தாள் வந்ததும் மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குடைக்குக் கைப்பிடியே வேண்டாம்” என்று படித்தாள் டீச்சர்.

கூலிங் கிளாஸ் பக்கென்று சிரித்தான். அவன் விற்பனைப் பிரிவு. வெயில் இல்லாத அறையிலும் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருப்பதால் அந்தப் பெயர். மேனேஜருக்கு மனசு குளிர்ந்தது.

டீச்சர் நிறுத்தவில்லை. “அதுக்குப் பதிலா ஒரு பட்டை வெச்சுத் தோள்ல மாட்டிக்கிட்டா, ரெண்டு கையிலயும் பை தூக்கலாம்.”

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை அவர் எழுதவே இல்லை! அவர் எழுதியது ஒரே ஒரு வரி. ‘படிக்கும்போதே சேர்த்துப் படிக்கிறாளே! பகல் கொள்ளையா இருக்கே!’

“அது நடக்காது!” என்று கத்திவிட்டார்.

கைதட்டல்.

“மூணு நல்லது சார்” என்றாள் டீச்சர் சிரித்துக்கொண்டே.

சொந்தச் சீட்டுக்கே சொந்த வாயால் தண்டனை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். போன வாரம் போல அவமானப்படக் கூடாது என்ற ஆத்திரத்தில், இந்த முறை நிஜமாகவே யோசித்தார்.

“ஒண்ணு, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போற அம்மாவுக்கு உதவும். ரெண்டு, ஊன்றுகோல் வெச்சு நடக்கிறவங்க இத்தனை நாள் மழையில நனைஞ்சுக்கிட்டுத்தானே போனாங்க? அவங்களும் குடை பிடிக்கலாம். மூணு...” அவருக்கே ஆச்சரியமாக மூன்றாவதும் வந்தது. “பஸ்ஸுல ஏறும்போது கம்பியைப் பிடிக்க ஒரு கை மிச்சம் இருக்கும்.”

பேக்கிங் அக்கா மெதுவாகச் சொன்னார். “எங்க அக்கா ஊன்றுகோல்லதான் நடக்கிறா சார். அவளுக்காகவே ஒண்ணு செய்யுங்க.”

பிடித்த யோசனைக்குக் கை தூக்கச் சொன்னாள் டீச்சர்; அந்தச் சீட்டுக்குப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது. முதலாளி டீச்சரின் கையைக் குலுக்கினார். “பிரமாதம்மா! நீ வந்த நேரம்!”

மேனேஜர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவற்றை யாரும் குலுக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னும் கெட்டியான ஒரு முட்டாள்தனத்தைத் தேடிப் பிடித்தார். ‘குடையில் ஓட்டை போட வேண்டும்.’ மழையைத் தடுக்கிற பொருளில் ஓட்டை! இதை எந்தச் சாமர்த்தியக்காரி காப்பாற்றுகிறாள் என்று பார்த்துவிடலாம். மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். காலையில் இஸ்திரி போட்ட சட்டை வந்தது. போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வியாழக்கிழமை டீச்சர் படித்தாள்: “குடையில் ஓட்டை போட வேண்டும். ஓட்டையில கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வெச்சுத் தைச்சா, எதிர்ல வர்றவங்க தெரிவாங்க. யார் மேலயும் மோத வேண்டாம்.”

மறுபடியும் சேர்த்துப் படித்துவிட்டாள்! ஆனால் இந்த முறை மேனேஜர் ஏமாறவில்லை. ‘நடக்காது’ என்ற வார்த்தை வெளியே வந்துவிடாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நல்லாதான் இருக்கு. ஆனா தையல் வழியா ஒழுகுமே” என்றார் மெக்கானிக்.

மேனேஜர் பொத்திக்கொண்டிருந்தார்.

“பசை தடவித் தைக்கலாமா?” என்றான் கூலிங் கிளாஸ்.

பசையா? குடைத் துணியில் பசையா? இருபது வருடம் குடைத் துணியோடு வாழ்ந்த மனிதருக்கு அதைத் தாங்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துவிட்டார். “பசை ரெண்டு மழையில பேந்துடும்டா! தைக்கவே வேண்டாம். ஓரத்தைச் சூடு காட்டி அழுத்தினா ஒட்டிக்கும். ஒரு சொட்டு இறங்காது. பழைய மெஷின் ஒண்ணு பின்கட்டுல தூங்குதே, அதுலயே செய்யலாம்.”

மெக்கானிக் துள்ளி எழுந்தார். “அட, ஆமா சார்!” அந்தச் சாயங்காலமே மாதிரிக் குடை தயாராகிவிட்டது. முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு, அதன் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி தொழிற்சாலை முழுக்க நடந்தார். பிறகு டீச்சரின் கையைக் குலுக்கினார்.

*

“சேத்துச் சேத்துப் படிக்கிறா!” என்று வீட்டில் குமுறினார் மேனேஜர். “நான்... அதாவது, யாரோ ஒருத்தர் ஒரு வரி எழுதினா, இவ அதுக்குக் கீழ இன்னொரு வரி சேத்துப் படிக்கிறா. பேரு மட்டும் அவளுக்கு.”

“அந்தக் கீழ் வரி நல்லாவா இருக்கு?” என்று கேட்டாள் மனைவி.

“நல்லாதான் இருக்கு. அதுதான் வயித்தெரிச்சல்!”

“அப்படியா!” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு என்னவோ இருமல் வந்துவிட்டது. வெகு நேரம் இருமினாள்.

“மழையில நனையாதேன்னா கேக்கறியா” என்று சொல்லி, தானே எழுந்துபோய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார் மேனேஜர். முன்பே சொன்னேனே, கெட்ட மனிதர் இல்லை.

கடைசி வாரத்துக்கு அவர் யோசனையே எழுதவில்லை. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று எழுதினார்: ‘இந்தக் கூட்டமே வேண்டாம்.’

நான்காவது வியாழக்கிழமை வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் கட்டம் போட்ட தாளைப் பிரித்தாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு படித்தாள்.

“இந்தக் கூட்டமே வேண்டாம்.”

மேனேஜர் மனதுக்குள் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அறைக்குள்ள உட்கார்ந்து பேசினா என்ன தெரியும்? மழை பெய்யும்போது எல்லாரும் பஸ் ஸ்டாப்புல போய் நில்லுங்க. குடை பிடிக்கிறவங்க படுற பாடு அங்கதான் தெரியும்.”

முதலாளி மேஜையை ஓங்கித் தட்டினார். “இப்பவே கிளம்புங்க!”

பத்து நிமிடத்தில் மொத்தக் கம்பெனியும் பஸ் ஸ்டாப்பில் நின்றது. பேக்கிங் அக்கா குறிப்பெடுத்தார். மெக்கானிக் போகிற வருகிறவர்களின் குடைக் கம்பிகளை உற்று உற்றுப் பார்த்ததில் ஒருவர் அவரைத் திருடன் என்று நினைத்துவிட்டார். மேனேஜர் ஓரமாகத் தன் கம்பெனிக் குடையை விரித்தார். ஒரு காற்று வந்தது. குடை தலைகீழாகி, கிண்ணம் போல வானத்தைப் பார்த்து நின்றது. நிறைந்ததும் மொத்தமாக அவர் தலையில் கொட்டியது.

பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் பரிதாபமாகக் கேட்டார். “எந்தக் கம்பெனிக் குடைங்க இது?”

மேனேஜர் கம்பெனி முத்திரையைக் கட்டைவிரலால் மறைத்தார். “தெரியலம்மா. யாரோ குடுத்தது.”

“யாரோ வேண்டாதவங்க குடுத்திருக்காங்க” என்றார் அந்த அம்மாள்.

அப்போது தலைக்கு மேல் மழை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் தன் குடையை அவர் பக்கம் நகர்த்திப் பிடித்திருந்தாள். அவளுடைய ஒரு தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“சார், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்” என்றாள். “மத்த கம்பெனிகள்ல ஆளுங்களைக் கூட்டி உட்கார வெக்கவே எனக்கு ஒரு மாசம் ஆகும். இங்க வியாழக்கிழமைன்னா எல்லாரும் தானா வந்து உட்கார்றாங்க. எட்டு வருஷம் விடாம நடத்திப் பழக்கி வெச்சிருக்கீங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்.”

மேனேஜர் முகத்தில் வழிந்தது மழைத் தண்ணீர்தான் என்று இருவரும் ஒப்புக்கொள்வதுபோல் சாலையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில், “அந்தப் பொண்ணுக்கு நல்ல வேலை கிடைக்கட்டும்” வரைக்கும் வந்தார். “தூரமா” என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனிதன் தனக்காகத் தோளை நனைத்துக்கொண்டவளைப் பற்றி அப்படிக் கேட்க முடியாது. கடவுளிடம் கேட்பது இருக்கட்டும், தன்னிடமே கேட்க முடியாது.

*

வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். முதலாளி மேஜையின் அந்தக் கோடியில் நின்று மூன்று சீட்டுகளை உயர்த்திக் காட்டினார்.

“இந்த மாசத்துல உருப்படியான மூணு யோசனை. மூணும் ஒரே மாதிரி கட்டம் போட்ட தாள். எழுதினது ஒரே ஆள்தான். விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கலாம் டீச்சர். மாடி அறை அந்த ஆளுக்குத்தான். யாரது?”

மேனேஜர் தலை குனிந்தார். கேட்ட பரிசு வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறந்தால், எதற்காக எழுதினார் என்ற கேள்வியும் கூடவே உள்ளே வரும்.

“நான்தான் சார்” என்றது ஒரு குரல். கூலிங் கிளாஸ்! கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அடக்கமாகக் கையில் வைத்திருந்தான். “பேரு முக்கியம் இல்லன்னு சும்மா இருந்தேன்.”

மேனேஜருக்கு ஒரு மாதமாக எரிந்த வயிறு இப்போது வாய் வழியாகவே புகைந்தது. “பொய்! அது என் சீட்டு!”

“நீங்களா?” என்றார் முதலாளி. “நீங்களா எழுதினீங்க? இதைப் படிச்சப்ப நடக்காதுன்னு நீங்கதானே கத்தினீங்க?”

இனி ஒளிய இடம் இல்லை. மேனேஜர் எழுந்து நின்றார். பழக்கம் காரணமாக மூன்று விரல்களை நீட்டினார்.

“மூணு சொல்லிடறேன் சார். ஒண்ணு, இந்தப் பொண்ணு மேல எனக்குப் பொறாமை. ரெண்டு, கூட்டத்தைக் கெடுக்கத்தான் எழுதினேன். கைப்பிடி வேண்டாம், ஓட்டை போடணும், கூட்டமே வேண்டாம், அவ்வளவுதான் நான் எழுதினது. மூணு, கீழ இருக்கிற நல்ல வரியெல்லாம் டீச்சர் சேத்துப் படிச்சது. மாடி அறை அவங்களுக்குத்தான் சேரணும்.”

சொல்லி முடித்ததும், ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது.

டீச்சர் திகைத்துப்போய் நின்றாள். “நான் சேர்க்கலையே சார்! சீட்டுல இருந்ததைத்தானே படிச்சேன்? ரெண்டு வரியும் அதுலயே இருக்கே. அதுவும் எனக்கு இங்க நேத்தோட வேலை முடிஞ்சுது. திங்கக்கிழமை வேற கம்பெனி. மாடி அறையை நான் கேக்கவே இல்லையே.”

மேனேஜர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மாத வயிற்றெரிச்சல், வராத போட்டிக்கு!

முதலாளி சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோனார். “ஆமாய்யா. மேல் வரி பேனா. கீழ் வரி பென்சில். எழுத்தும் வேற.” மூன்றையும் கோப்புக்குள் வைத்து மூடினார். “அப்ப இந்தக் கீழ் வரி ஆள் யாரு?”

எல்லோரும் கூலிங் கிளாஸைப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

“சரி. பெட்டியைத் திறந்து எவரோ எழுதியிருக்காங்க. திங்கக்கிழமை காலையில வந்து என்கிட்ட சொல்லட்டும். புதுப் பிரிவுக்கு அவர்தான் தலைமை.” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். “கெடுக்கணும்னு எழுதின ஆளை என்ன பண்றது?”

“வியாழக்கிழமைக் கூட்டத்தை அவர்கிட்டயே திருப்பிக் குடுங்க சார்” என்றாள் டீச்சர். “‘நடக்காது’ன்னு சொன்னா என்ன ஆகும்னு இங்க அவரைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அவர் யோசிச்சுச் சொன்ன நல்லதை வெச்சுத்தானே அந்தப் பட்டைக் குடை ஜெயிச்சுது.”

பேக்கிங் அக்கா முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இது பாராட்டுக் கைதட்டல்தான்.

“குடுக்கறேன்” என்றார் முதலாளி. “ஆனா அந்தக் கீழ் வரி ஆள் சொல்ற பேச்சைக் கேட்டு நடக்கணும். அவருக்குக் கீழதான் உங்களுக்கு வேலை.”

*

வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் ஒன்றையும் மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். பொறாமையைச் சொன்னார், சீட்டைச் சொன்னார், நனைந்த தோளைச் சொன்னார். அவள் திங்கட்கிழமைக்கான சட்டையை மடியில் போட்டு, பொத்தான் தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர் மேல இப்ப ஒண்ணும் இல்ல” என்றார். “தங்கமான பொண்ணு. போகும்போது ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினேன். ஆனா அந்தக் கீழ் வரி ஆள் இருக்கானே, அவன் யாருன்னு தெரியல. மூணு வாரம் என் சீட்டைப் பிரிச்சுப் படிச்சிருக்கான். என்னை யாரும் பாத்துச் சிரிக்காதபடி ஒரு வரி எழுதிக் காப்பாத்தியிருக்கான். நல்லவன்தான். இருந்தாலும் மாடி அறை அவனுக்கு! ரெண்டு ஜன்னல்! நான் அவன் கீழ வேலை பாக்கணும்! லேசா மறுபடியும் எரியுது.”

“கீழ் வரி எழுதினவங்களுக்குத்தான் அந்த வேலைன்னு முதலாளி நிச்சயமா சொன்னாரா?”

“எல்லார் முன்னாடியும் சொன்னாரே!”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, சட்டையின் பையில் செருகி, சட்டையை அவர் மடியில் வைத்தாள்.

“அப்ப திங்கக்கிழமையிலேருந்து உங்க சட்டையை நீங்களே இஸ்திரி போட்டுக்கங்க, பையில இருக்கிற சீட்டைப் படிச்சுக் கீழ ஒரு வரி எழுதிக்கிட்டு நின்னா, எனக்கு ஆபீசுக்கு நேரமாயிடும்.”